காட்டோரம் ரிசார்ட் வருகிறதா? தகவல் மனு முதல் பசுமைத் தீர்ப்பாயம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல், மேகமலை என எந்த மலையை எடுத்துக்கொண்டாலும் கதை ஒன்றுதான். காட்டை ஒட்டிய தோட்டத்தில் ஜேசிபி இறங்குகிறது. முதல் வாரம் வாட்ஸ்அப்பில் படம் சுற்றுகிறது. இரண்டாவது வாரம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கப்படுகிறது. மூன்றாவது மாதம் தளம் போட்டு முடித்துவிடுகிறார்கள். எதிர்த்தவர்களிடம் அக்கறை இருந்தது, ஆனால் புல எண் (சர்வே நம்பர்) இல்லை, அனுமதி வழங்கிய தேதி இல்லை. அவை இரண்டும் இல்லாத மனுவை அலுவலகத்தில் எந்தக் கோப்பிலும் சேர்க்க முடியாது.

தமிழ்நாட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றின் உள்ளேயும் ஓரத்திலும் வரும் கட்டுமானத்தையும் சுற்றுலாத் திட்டங்களையும் உள்ளூர்க்காரர்கள் எப்படி எதிர்கொள்வது, எந்த வரிசையில் செய்வது என்பதற்கான வழிகாட்டி இது.

1. இடம் எது? முதல் மூன்று நாள் வேலை

விளம்பரப் பலகையில் 'ஊட்டி' என்று இருக்கும், நிலமோ மசினகுடி வருவாய் கிராமத்தில் இருக்கும். கூகுள் வரைபடத்தில் வரும் பெயர் ஒரு குக்கிராமத்தின் பெயராக இருக்கும், வருவாய்ப் பதிவேட்டில் அந்தப் பெயரே இருக்காது. அதனால் முதலில் வருவாய் கிராமத்தின் பெயர், பிறகு புல எண், அதன் உட்பிரிவு. '412' என்று எழுதுவதும் '412/2பி1' என்று எழுதுவதும் ஒன்றல்ல. 412-இன் ஒரு துண்டு காப்புக்காடாகவும் அடுத்த துண்டு பட்டா நிலமாகவும் இருக்கலாம்.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் தமிழக அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் கிடைக்கும். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்தால் நிலம் எப்போது, எத்தனை துண்டாகக் கைமாறியது என்று தெரியும். இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம் பத்துப் பன்னிரண்டு பெயருக்குத் துண்டு துண்டாகப் போயிருந்தால், வருவது வீடல்ல, காட்டேஜ் வரிசை.

அ-பதிவேட்டில் நில வகையைக் கவனமாகப் படியுங்கள். காடு, அரசு புறம்போக்கு, தீர்வை ஏற்படாத தரிசு, பட்டா என்று நான்கு வகை இருந்தால் நான்குக்கும் வேறு வேறு வழி. கூடலூர்ப் பக்கம் 'செக்‌ஷன் 17 நிலம்' என்று ஒன்று உண்டு. ஜமீன் போன்ற பழைய நில உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய அந்த நிலங்களில் உரிமையே தீராத விவகாரம். அங்கே புதுக் கட்டடம் எழுந்தால், அனுமதி எந்த ஆவணத்தின் பேரில் கொடுக்கப்பட்டது என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

புலப்படத்தில் அளவுகள் இருக்கும், ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை) இருக்காது. பொதுச்சாலையில் நின்று கேட் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியை எடுத்து, கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களோடு ஒப்பிடுங்கள். மரம் இருந்த ஆண்டு, மரம் போன ஆண்டு, சாலை வெட்டிய ஆண்டு என மூன்று படம் போதும். சரணாலய எல்லைக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை நேர்கோட்டில் அளக்க வேண்டும். சாலை வழியில் நான்கு கிலோமீட்டர் என்பது நேர்கோட்டில் ஒன்றுக்கும் குறைவாக வருவது மலையில் சாதாரணம். எதிர்த்தரப்பு எப்போதும் சாலைத் தூரத்தைத்தான் சொல்லும்.

2. எந்தச் சட்டத்தில் பிடி இருக்கிறது?

பலரும் முதலில் கேட்பது 'சுற்றுச்சூழல் அனுமதி வாங்கினார்களா?' என்ற கேள்வி. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடங்களுக்கான வரம்பு 20,000 சதுர மீட்டரில்தான் தொடங்குகிறது. மலையில் வரும் ரிசார்ட்டுகள் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே. ஆகவே பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வரும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்தக் கூட்டம் நடக்கவே நடக்காது.

பிடி வேறு இடங்களில் இருக்கிறது. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம், ஊர் வழக்கில் ஹாக்கா, 1990-இல் வந்தது. அதன் கிராமப் பட்டியலில் உங்கள் வருவாய் கிராமம் இருந்தால் வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் ஆகிய மூன்று துறைகளின் கருத்து இல்லாமல் கட்டட அனுமதிக் கோப்பு நகரக்கூடாது. சரிவில் மண் வெட்டுவதற்குக் கனிமவளத் துறை என்ன எழுதியது என்ற ஒரே கேள்வியில் பல திட்டங்கள் தடுமாறும். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அந்தக் கடிதத்தை ஒப்புக்கு எழுதுவது எந்த அதிகாரிக்கும் எளிதல்ல. தோட்டத்துக்குள் சோலை இருந்தால் 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், மரம் வெட்டினால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். இரண்டிலும் மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும்.

சரணாலயத்துக்கு உள்ளே என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு. வணிக நோக்கிலான தங்கும் விடுதி, ஹோட்டல், சஃபாரி பூங்கா எதுவும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் கட்டக்கூடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அரசு விடுதிகளும் இதில் அடக்கம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. 'இது அரசுத் திட்டம்தானே' என்ற பதில் இனி எடுபடாது. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் 2012-ஆம் ஆண்டு தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல் சுற்றுலாவுக்கு 20 சதவீதத்தை உச்ச அளவாக வைத்திருக்கிறது. புதிய சுற்றுலாக் கட்டடங்களுக்கு அங்கே இடமில்லை.

எல்லைக்கு வெளியே என்றால் சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது சரணாலயத்தைச் சுற்றிக் கட்டுப்பாடுகள் விதிக்கப்படும் பகுதி. உங்கள் சரணாலயத்துக்கு இறுதி அறிவிக்கை வந்ததா, வரைவுதானா என்பதை அரசிதழிலேயே பார்த்துவிடுங்கள். இறுதி அறிவிக்கைகள் பெரும்பாலானவற்றில் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், அல்லது மண்டலம் அதைவிடக் குறுகலாக இருந்தால் மண்டலம் முடியும்வரை, புதிய வணிக விடுதிக்குத் தடை உண்டு. எல்லா இடத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கட்டாயம் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் தளர்த்திவிட்டது. பழைய தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டி மனு எழுதுவது இன்றும் நடக்கிறது. அதைப் படிக்கும் அதிகாரி மீதிப் பக்கங்களையும் நம்பமாட்டார்.

கவனிக்கப்படாமல் போகும் ஒரு வாசல் இருக்கிறது. வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023-இல் வந்த திருத்தம், வன மேலாண்மைத் திட்டத்திலோ புலிகள் பாதுகாப்புத் திட்டத்திலோ எழுதப்பட்டிருக்கும் சூழல் சுற்றுலா வசதிகளை 'காடு சாராத பயன்பாடு' என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. அதாவது தொங்கு பாலமோ கண்ணாடி மேடையோ கூடார முகாமோ, மேலாண்மைத் திட்டத்தில் ஒரு வரியாக நுழைந்துவிட்டால் போதும், ஒன்றிய அரசின் அனுமதிப் படி தேவைப்படாமல் போய்விடும். ஆகவே கட்டடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதைவிட, பத்தாண்டு மேலாண்மைத் திட்டம் எழுதப்படும்போதே அதன் சுற்றுலா அத்தியாயத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. எங்கள் கணிப்பில் அடுத்த சில ஆண்டுகளின் சண்டை இந்த அத்தியாயத்தில்தான் நடக்கும்.

3. தகவல் மனு: எப்படிக் கேட்டால் கிடைக்கும்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 'விதிகளை மீறி ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?' என்று கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று ஒரு வரியில் பதில் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லி, நகல் கேளுங்கள். உள்ளாட்சிக்கும் நகர் ஊரமைப்புத் துறைக்கும் அனுப்ப இந்த வடிவம் போதும்:

"… வட்டம், … வருவாய் கிராமம், புல எண் … தொடர்பாக: (1) இதுவரை வழங்கப்பட்ட திட்ட அனுமதி, கட்டட அனுமதி ஆகியவற்றின் நகல், ஒப்புதல் பெற்ற வரைபடத்துடன். (2) அவ்விண்ணப்பத்தின் மீது வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகள் அனுப்பிய கடிதங்களின் நகல். (3) மேற்படி நிலத்துக்கோ கட்டடத்துக்கோ விதிவிலக்கு அளித்து அரசாணை ஏதும் பிறப்பிக்கப்பட்டிருந்தால் அதன் நகல். (4) கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். (5) கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும்."

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கின் சாரமே அதுதான். விதிப்படி இரண்டு தளங்களுக்கே இடமிருக்க, ஏழு தளங்கள் எழுந்தன, அதை முறைப்படுத்த அரசு விதிவிலக்கு ஆணை கொடுத்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு அந்த ஆணையையே எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 1995-இல் ஆணை ரத்தானது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கட்டடம் அசிங்கமாக இருக்கிறது என்று வாதாடியிருந்தால் அது ஒரு பத்திரிகைச் செய்தியோடு முடிந்திருக்கும்.

கோப்பு பார்வையிடலில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் படிக்க, மற்றவர் பக்க எண்ணோடு குறிக்க. குறிப்புப் பக்கங்களில்தான் இளநிலை அலுவலர் எழுதிய எதிர்ப்பும் அதை மேலே தாண்டிப்போன கையெழுத்தும் இருக்கும்.

மனுக் கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். பதிலுக்கு 30 நாள், முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதன் மீது முடிவெடுக்க 30 முதல் 45 நாள். கூட்டிப் பாருங்கள்: மனு போட்டு மூன்று, நான்கு மாதம் ஓடிவிடும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய இருக்கும் ஆறு மாதக் கெடுவில் (பகுதி 7) பாதிக்கு மேல் இதிலேயே கரைகிறது. அதனால் ஒரே கேள்வியை ஊராட்சி, நகர் ஊரமைப்பு, வனக்கோட்டம், ஆட்சியர் அலுவலகம் என நான்கு இடத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவர் மறைத்ததை இன்னொருவர் கொடுத்துவிடுவது வழக்கம்.

4. களச்சான்று

பொதுச்சாலையில் நின்று எடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்து படம் எடுத்தால் வழக்கு உங்கள் மேல்தான் பாயும். ட்ரோனை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு படத்திலும் தேதி, நேரம், ஆயத்தொலைவு பதியும்படி செயலியை அமைத்துவிட்டு, அசல் கோப்பை அழிக்காமல் தனியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அந்த விவரமெல்லாம் போய்விடும். யானை, புலி, அரிய தாவரம் இருக்கும் சரியான புள்ளியைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

போக்குவரத்து அழுத்தத்தைக் காட்ட வேண்டுமானால் எண்ணிக்கை வேண்டும். ஒரு சந்திப்பில் இரண்டு பேர், 15 நிமிடத்துக்கு ஒரு வரி, காலை 7 முதல் 11, மாலை 4 முதல் 7. கார், வேன், இருசக்கரம், பேருந்து, ஜீப் என ஐந்து பத்தி. குறைந்தது இரண்டு வார இறுதி, இரண்டு வார நாள். மே மாத ஞாயிறு ஒன்றை மட்டும் எண்ணிக் காட்டினால் 'சீசன் கூட்டம்' என்று ஒதுக்கிவிடுவார்கள். அதே அட்டவணையில் வார நாள் எண்ணும் பக்கத்திலேயே இருந்தால் ஒதுக்க முடியாது.

5. ஆட்சேபம் எழுதுவதும் சபையில் பேசுவதும்

வரைவு அறிவிக்கை என்றால் 60 நாள் அவகாசம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆறு மாநிலங்களில் 56,825 சதுர கிலோமீட்டரைச் சூழல் உணர்திறன் பகுதியாக்கும் ஆறாவது வரைவு 2024 ஜூலை 31-இல், வயநாட்டு நிலச்சரிவுக்கு மறுநாள், வந்தது. அதற்கும் அதே 60 நாள்தான். ஒரே வாசகத்தில் ஐந்நூறு கையெழுத்து வாங்கி அனுப்புவது ஊரைத் திரட்ட உதவும், ஆனால் தொகுப்பு அட்டவணையில் அது ஒரே வரியாகச் சுருங்கும். அதற்குப் பதில் பத்துப் பேர் பத்து வெவ்வேறு பொருளில் எழுதுங்கள்: ஒருவர் ஓடை, ஒருவர் யானை வழித்தடம், ஒருவர் சரிவு, ஒருவர் மேய்ச்சல். ஒவ்வொன்றிலும் அறிவிக்கையின் பத்தி எண், கிராமம், புல எண், என்ன மாற்றம் வேண்டும் என்ற ஒரு வாக்கியம். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பதிவுத் தபால், மின்னஞ்சல் இரண்டிலும் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான வாசகத்தை முன்பே எழுதிக்கொண்டு போய்ப் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்து, நகல் வாங்கிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். வாய்மொழியாக நிறைவேறிய தீர்மானம் அடுத்த சபைக்குள் காணாமல் போகும். ஊர் பேரூராட்சி என்றால் கிராம சபை கிடையாது, பகுதி சபைதான். இதைக் கவனிக்காமல் 'கிராம சபைத் தீர்மானம்' என்று நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால் முதல் பக்கத்திலேயே அடி விழும்.

இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், பணியர், தோடர், கோத்தர் வாழும் இடமென்றால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அவர்களுடைய கிராம சபைக்கே காட்டையும் நீர்நிலையையும் காக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அவர்களைக் கூட்டத்தில் பின் வரிசையில் உட்கார வைத்துவிட்டு நகரத்துக்காரர்கள் பேசும் இயக்கங்கள் நிலைத்ததில்லை. 'காட்டைக் காக்கிறோம்' என்ற பேரில் அவர்களையே வெளியேற்றும் கோரிக்கைக்குக் கையெழுத்துப் போட்டுவிடாமலும் இருக்கவேண்டும்.

பெரிய திட்டமாகி, கருத்துக்கேட்புக் கூட்டம் உண்மையிலேயே வந்தால்: 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் அறிக்கைச் சுருக்கம், காணொளிப் பதிவு மூன்றும் கட்டாயம். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லை, ஆகவே 'புறக்கணிப்பு' உங்களுக்குத்தான் நட்டம். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் உரக்க வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. பெரும்பாலோர் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் இருங்கள். உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்க வையுங்கள்.

6. சுற்றுலாவே வேண்டாம் என்கிறீர்களா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். டாக்ஸி ஓட்டுநரும் வர்க்கி விற்பவரும் எதிரே நிற்கும்போது 'ஆம்' என்று சொன்னால் ஊரை இழந்துவிடுவீர்கள். எண்ணோடு கூடிய கோரிக்கை வையுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் செய்து, 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும் கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தது. வணிகர்கள் கொதித்தார்கள். ஆனால் வாதம் அதன்பின் 'வரம்பு வேண்டுமா' என்பதிலிருந்து 'எத்தனை' என்பதற்கு நகர்ந்தது. இந்த வரம்பின் குறை, அது சோதனைச்சாவடியில் எண்ணுகிறது, நெரிசல் இருப்பதோ தொட்டபெட்டாவிலும் தூண்பாறையிலும். ஆகவே அடுத்த கோரிக்கை இடவாரி வரம்பு, அடிவாரத்தில் நிறுத்தம், அங்கிருந்து பேருந்து. ஓட்டுநர் சங்கத்தையும் இதில் சேர்க்க முடியும், ஏனென்றால் நெரிசலில் அவர்களுக்கும் நாளுக்கு ஒரு சவாரி குறைகிறது.

நடைபயணத்துக்கும் அதே அணுகுமுறை. 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அந்த ஆண்டே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை அறிவித்தது. உங்கள் ஊர்ப் பாதை அதில் இருந்தால் கேட்க வேண்டியவை: ஒரு குழுவில் எத்தனை பேர், ஒரு நாளில் எத்தனை குழு, வழிகாட்டி உள்ளூர்ப் பழங்குடியா, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரையான தீக்காலத்தில் மூடப்படுகிறதா, கழிவறை எங்கே. கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது.

7. எந்த வாசலில் வழக்கு?

இங்கேதான் நல்ல வழக்குகள் வீணாகின்றன. பசுமைத் தீர்ப்பாயம் ஏழு சட்டங்களின் கீழ் எழும் விவகாரங்களை மட்டுமே விசாரிக்கும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு, வனப் பாதுகாப்பு, நீர், காற்றுச் சட்டங்கள் அதில் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதில் இல்லை. சரணாலய விதிமீறல் மட்டுமே உங்கள் வாதம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. நீலகிரி என்றால் சென்னை, கொடைக்கானலும் தேனியும் என்றால் மதுரைக் கிளை.

தீர்ப்பாயத்தில் அனுமதி ஆணையை எதிர்த்த மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60. அதற்கு மேல் ஒரு நாள் கூட மன்னிக்க அதற்கு அதிகாரம் இல்லை. மற்ற விண்ணப்பங்களுக்கு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், கூடுதலாக 60 நாள். இழப்பீடு கேட்காவிட்டால் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் வாதாடலாம், சங்கம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உண்டு. 'கொள்ளைக்காரன்', 'மாஃபியா' போன்ற சொற்களை மனுவிலும் குழுச் செய்தியிலும் தவிருங்கள். அவதூறு வழக்கு ஒன்று போதும், ஆறு மாதம் உங்கள் இயக்கம் அதன் பின்னால்தான் ஓடும்.

வழக்கு எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு நீலகிரியின் சீகூர் யானை வழித்தடம் அளவுகோல். 2010 ஆகஸ்ட் 31-இல் வழித்தடத்தை அறிவித்து அரசாணை, 2011-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2018 ஆகஸ்டில் ரிசார்ட்டுகளுக்குச் சீல், 2020 அக்டோபர் 14-இல் உச்ச நீதிமன்ற உறுதி. அதன் பிறகும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு நிலமாக, ஒவ்வொரு ஆவணமாக உரிமையாளர்களின் ஆட்சேபத்தைக் கேட்க உட்கார்ந்தது. பத்தாண்டுக்கு முந்தைய புகைப்படமும் பட்டா நகலும் அங்கே தேவைப்பட்டன.

8. உத்தரவு வந்த பிறகு

தடை உத்தரவின் சான்றிட்ட நகலை வட்டாட்சியர், காவல் நிலையம், மின்வாரியம், உள்ளாட்சி நான்குக்கும் நீங்களே ஒப்புகையோடு கொடுங்கள். 'எங்களுக்கு உத்தரவு வரவில்லை' என்ற பதில் அப்போது எழாது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்று பாருங்கள், சீல் வைத்த கட்டடத்தில் ஜெனரேட்டர் ஓடுவதும் உண்டு. முன்பதிவுத் தளங்களில் அதே விடுதி வேறு பெயரில் அறை விற்கிறதா என்று மாதம் ஒருமுறை தேதியுடன் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள்.

நிபந்தனையோடு சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டம் என்றால் ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இரண்டு முறை இணக்க அறிக்கை தாக்கல் செய்யவேண்டும். அதைக் கேட்டு வாங்கி, நிபந்தனை எண் ஒரு பத்தி, அவர்கள் சொல்வது ஒரு பத்தி, களத்தில் இருப்பது ஒரு பத்தி என்று அட்டவணை போடுங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 'இயங்குகிறது' என்ற வரியில் தொடங்குங்கள். மழை இல்லாத மாதத்தில் ஓடையின் கீழ்ப்பக்கம் போய் நின்றாலே அந்த வரி உண்மையா என்று தெரிந்துவிடும்.